வானம் பார்த்த பூமிக்கு ஒரு சீத்தா மரம்

ஆவணி பிறந்து ஐப்பசி முடியும் வரையில் தென் மாவட்டங்களின் சந்தை வாயில்களிலும் பேருந்துகள் நிற்கும் இடங்களிலும் ஒரு பழம் கூடை கூடையாக வந்து இறங்குவதைக் காணலாம். மேலெல்லாம் கண் கண்ணாகப் புடைத்து, பச்சையும் வெண்மையும் கலந்த நிறத்தில் இருக்கும் அப்பழத்தைக் கையால் பிளந்தால் வெண்ணெய் போன்ற சதையும் கறுத்துப் பளபளக்கும் விதைகளும் வெளிப்படும். அதுவே சீத்தாப்பழம். இலங்கைத் தமிழர் இதனை அன்னமுன்னா என்பர். தாவரவியலார் இட்ட பெயர் அனோனா ஸ்குவாமோசா.

ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் கிடைக்கும் மதிப்பு இப்பழத்திற்குக் கிடைப்பதில்லை. வேலியோரத்திலும் குன்றின் சரிவிலும் தானாக முளைத்த மரத்தில் பறித்து விற்கும் பழம்தானே என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் விருதுநகர் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிக்கு இம்மரம் எவ்வளவு பொருத்தமானது, இதன் பழம் ஏன் நகரத்துப் பெருங்கடைகளை எளிதில் எட்டுவதில்லை, இதன் விதையை ஏன் எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பவற்றை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மல்லாங்கிணறு விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் வழியில் உள்ள பேரூர். இப்பகுதியில் பெரும்பாலும் கரிசல் மண். இடையிடையே செவலும் சரளையும் உண்டு. மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வானம் பார்த்த பூமிதான். பருவம் தவறினால் பருத்தியும் பயறும் கருகும். உழவர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு வேறு வேலைக்குச் செல்வர். தரிசில் சீமைக்கருவேல் முளைக்கும். இத்தகைய நிலத்தில், ஓராண்டு மழை பொய்த்தாலும் அடியோடு அழிந்துவிடாத மரப்பயிர் ஒன்று இருந்தால் குடும்பத்திற்கு அது பெருந்துணை.

கடல் கடந்து வந்த விருந்தாளி

சீதையின் பெயரைத் தாங்கி நிற்பதால் இம்மரம் நம் நாட்டிற்கே உரியது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் சீத்தாவின் தாயகம் வெப்ப மண்டல அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளுமாகும். மிளகாய், கொய்யா, முந்திரி, பப்பாளி ஆகியவற்றைப் போலவே இதுவும் ஐரோப்பியர் கடல் வழியாக வந்த பின்னரே இங்குப் பரவியது என்பது தாவரவியலாரில் பெரும்பாலோர் கருத்து. பர்குத் சிற்பங்களில் இப்பழத்தைக் காண்பதாகத் தொல்லியலறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 19ஆம் நூற்றாண்டில் கருதினார். ஆயினும் கல்லில் செதுக்கிய உருவம் சீத்தாதான் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என மற்றவர்கள் மறுத்தனர்.

எங்கிருந்து வந்தாலும் இன்று அது நம் மண்ணின் மரமாகிவிட்டது. தெலங்கானாவின் பாலாநகர் என்னும் ஊரின் பெயராலேயே ஒரு புகழ்பெற்ற வகை உண்டு. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டச் சீத்தா புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நம் பக்கத்திலும் ஒரு பெருமை உண்டு. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி நிலங்களுக்கென்று அந்நிலையம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட சீத்தா வகைக்கு ஏ.பி.கே. (சி.ஏ) 1 என்று பெயர். ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டையைக் குறிக்கும் எழுத்துகள். மல்லாங்கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்திலேயே இவ்வாராய்ச்சி நடந்தது என்பதை அப்பகுதி மாணவர் அறிந்திருத்தல் நலம்.

ஆடு தின்னாத இலை

வறட்சியை இம்மரம் எவ்வாறு தாங்குகிறது? முதல் காரணம், கோடை நெருங்கும்போது அது தன் இலைகளை உதிர்த்துவிடுகிறது. இலைகளின் நுண்துளைகள் வழியாகவே மரம் பெருமளவு நீரை ஆவியாக இழக்கிறது. இலையில்லாத மரத்திற்கு அந்தச் செலவு இல்லை. வருவாய் குறைந்த மாதத்தில் செலவைச் சுருக்கிக் கொள்ளும் குடும்பத்தைப் போல மரம் மழைக்காகக் காத்திருக்கிறது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான மரங்களில் இலைக்கும் கிளைக்கும் இடையிலுள்ள கக்கத்தில் மொட்டு வெளிப்படையாகத் தெரியும். சீத்தாவிலோ இலைக்காம்பின் அடிப்பகுதி மொட்டை முழுவதும் மூடிக்கொண்டிருக்கிறது. இலை உதிர்ந்தால்தான் மொட்டுக்கு வெளிச்சம். அதன் பிறகே புதிய தளிரும் பூவும் தோன்றும். இதனை அறிந்த தோட்டக்காரர் கவாத்துச் செய்யும்போது இலைகளையும் உருவி விட்டுப் புதிய கிளைகளை வரவழைக்கின்றனர்.

இரண்டாவது காரணம் இலையின் கசப்பு. வெள்ளாடு கடிக்காத செடி நம் நாட்டில் சிலவே. சீத்தா இலையை ஆடும் மாடும் தொடுவதில்லை. வேலி போட வசதியில்லாத உழவருக்கு இது எத்துணைப் பெரிய நன்மை! மற்றக் கன்றுகளை நட்டால் முள் வேலிக்கு முதலில் பணம் தேட வேண்டும். ஆட்டைத் துரத்தும் அந்தக் கசப்பு எதனால் ஏற்படுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பால் மாறும் மலர்

சீத்தா மரத்தில் பூக்கள் நிறைய, காய்களோ குறைவு. ஏன்?

இம்மலர் கீழ்நோக்கித் தொங்கும். தடித்த மூன்று இதழ்கள் கொண்டது. பச்சை கலந்த மஞ்சள் நிறமுடையது. ஒரே மலரில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. இதழ்கள் பாதி விரிந்த நிலையில் சூல்முடிகள் பசைப்பட்டுப் பளபளக்கும். அப்போது அது பெண் மலர். சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை கழித்து இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தப் பைகள் வெடிக்கும். அப்போது அது ஆண் மலர். மகரந்தம் வெளிப்படும் வேளையில் அதே மலரின் சூல்முடி பெரும்பாலும் உலர்ந்து போயிருக்கும். ஆகவே வேறொரு மலரின் மகரந்தம் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும்.

அதைக் கொண்டு வருவது யார்? காற்றுமன்று, தேனீயுமன்று. மிகச் சிறிய வண்டுகள் மலரின் மணத்தால் ஈர்க்கப்பட்டு, பாதி திறந்த இதழ்களுக்குள் புகுந்து வெளிவருகின்றன. அவையே மகரந்தத்தைச் சுமக்கின்றன. தோட்டத்தில் சருகும் மட்கும் இருந்தால் இவ்வண்டுகள் பெருகும்.

இன்னொரு தடை வெப்பக் காற்று. சிவகாசிப் பகுதியில் பட்டாசு மருந்தையும் தீக்குச்சியையும் உலர்த்த உதவும் அதே வறண்ட காற்று, சீத்தா மலரின் பசைமிக்க சூல்முடியையும் உலர்த்திவிடுகிறது. அதனால் பங்குனி, சித்திரையில் பூக்கும் பூக்களில் பல உதிர்கின்றன. கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய பின் மலர்பவை நன்றாகக் காய்க்கின்றன.

சீத்தாப்பழம் பல சிறு கனிகள் ஒன்றுசேர்ந்த கூட்டம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். வெளியே தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு சூலகம். கருவுற்ற சூலகங்கள் பருத்து வளரும். கருவுறாதவை அப்படியே நின்றுவிடும். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிய பழத்தைக் கண்டால், அதன் மலருக்குப் போதிய மகரந்தம் கிடைக்கவில்லை என்று அறியலாம்.

தைவானிலும் ஸ்பெயினிலும் சீத்தா இனப் பழங்களைப் பயிரிடுவோர் தூரிகையால் மகரந்தத்தை எடுத்துப் பெண் நிலையிலுள்ள மலரில் தடவிக் காய்ப்பை உயர்த்துகின்றனர். இதனை மாணவர்களும் செய்து பார்க்கலாம். நன்கு விரிந்த மலர்களைத் தாளின் மேல் உதறி மகரந்தத்தைச் சேகரியுங்கள். பாதி விரிந்த இருபது மலர்களைத் தேர்ந்து, பத்து மலர்களின் காம்பில் சிவப்பு நூலும் பத்தில் வெள்ளை நூலும் கட்டுங்கள். சிவப்பு நூல் கட்டியவற்றில் மட்டும் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைத் தடவுங்கள். மூன்று வாரங்களுக்குப் பின் எத்தனை பிஞ்சுகள் நின்றன, அவற்றின் வடிவம் எப்படி என்று குறித்து வாருங்கள். ஒரு மரத்தோடு நிறுத்தாமல் நாலைந்து மரங்களில் செய்தால் முடிவை நம்பலாம்.

தண்ணீர் கட்டாத நிலம்

சீத்தா வறட்சியைப் பொறுக்கும். வேரில் நீர் தேங்குவதைப் பொறுக்காது. எனவே மழைக்காலத்தில் தண்ணீர் கட்டும் ஆழமான கரிசல் நிலம் இதற்கு ஏற்றதன்று. செவலும் சரளையும் கலந்த மேட்டு நிலமே நல்லது. கரிசலில் வைத்தே ஆக வேண்டுமானால், சரிவான இடத்தில் மண்ணை அணைத்து மேடாக்கி வைக்கலாம்.

விதையிட்டு வளர்த்த மரங்கள் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. நல்ல வகையின் ஒட்டுக் கன்றுகளை நடுதலே சிறந்தது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சகன் என்னும் கலப்பினத்தில் விதைகள் குறைவு. பழம் மெதுவாகக் கனியும். 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 160 மரங்கள் கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகள் கோடையில் கன்றுகளுக்கு உயிர்த்தண்ணீர் கட்டாயம் வேண்டும். மரத்தைச் சுற்றிப் பிறை வடிவில் வரப்புக் கட்டினால் பெய்கிற மழை வேரடியிலேயே இறங்கும்.

காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வருவாய்க்கு வழி என்ன என்று உழவர் கேட்பது நியாயமே. மரங்களுக்கு இடையே உளுந்தும் பாசிப்பயறும் விதைத்து வரலாம். இப்பயறுகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் கன்றுகளுக்கும் நன்மை உண்டு.

பூச்சிகளில் முதன்மையானது மாவுப்பூச்சி. பழக் கண்களின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது வெளியிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கும். எறும்பு மரத்தில் ஏறாமல் தடுத்தாலே பாதித் தொல்லை தீரும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு மாவுப்பூச்சிகளைத் தின்று அழிக்கிறது; நாம் நஞ்சைத் தெளித்தால் முதலில் சாவது அந்த நண்பனே.

பழத்தில் என்ன இருக்கிறது?

100 கிராம் சீத்தாச் சதை ஏறக்குறைய 100 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. அதில் 20 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவு மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளன. வைட்டமின் சி, வகைக்கும் கனிந்த நிலைக்கும் ஏற்ப 20 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்கும். இவை தவிரப் பொட்டாசியமும் குடலுக்கு நலம் தரும் நார்ச்சத்தும் உண்டு. பழத்தின் எடையில் தோலும் விதையும் போக ஏறக்குறைய பாதியே சதையாகும்.

ஓடியாடும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஒரு சீத்தாப்பழம் கொடுப்பது, உறையில் அடைத்த இனிப்புத் தின்பண்டத்தை விடப் பன்மடங்கு மேலானது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவை மனத்தில் கொண்டு, மருத்துவர் அறிவுரைப்படி அளவோடு உண்ண வேண்டும். இதற்கு மேல் இப்பழம் ஒரு மாமருந்து என்று சொல்ல இடமில்லை. நெல்லி, கொய்யா, நாவல், இலந்தை என்று பருவத்திற்குப் பருவம் மாற்றி உண்ணும் பழங்களில் இதுவும் ஒன்று என்பதே சரியான மதிப்பு.

விதையில் உள்ள நஞ்சு

சீத்தா இலையை ஆடு தின்னாததன் காரணத்திற்கு இப்போது வருவோம். இலையிலும், அதைவிட மிகுதியாக விதையிலும், அசிட்டோஜெனின்கள் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய ஆற்றல் நிலையங்கள் உண்டு. உணவிலிருந்து ஆற்றலைப் பிரிக்கும் வேலைத் தொடரின் முதல் படியையே இப்பொருள்கள் அடைத்துவிடுகின்றன. ஆற்றல் கிடைக்காத உயிரணு இறக்கிறது. பேனும் பூச்சியும் சீத்தா விதைத் தூளால் மடிவதற்குக் காரணம் இதுவே.

பேனின் உயிரணுவிற்கும் நம் கண்ணின் உயிரணுவிற்கும் இந்நஞ்சு வேறுபாடு பார்ப்பதில்லை. விதைத் தூளைத் தலையில் தேய்த்துக் குளிக்கும்போது கண்ணில் வழிந்து, கருவிழி புண்ணாகி, கடும் வலியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். ஆகவே பேன் போக்க இத்தூளைப் பயன்படுத்தலாகாது. சிறு குழந்தைகளுக்கு ஒருபோதும் கூடாது. பழம் உண்ணும்போது விதையைக் கடிக்காமல் துப்பிவிட வேண்டும்.

சீத்தா இலைக் கசாயம் புற்றுநோயைத் தீர்க்கும் என்ற பேச்சும் பரவி வருகிறது. ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த புற்றணுக்களை அசிட்டோஜெனின் கொன்றது உண்மை. ஆனால் அது நல்ல அணுக்களையும் கொல்லக் கூடியது. கிண்ணத்தில் கிடைத்த வெற்றி மனித உடலில் கிடைத்த வெற்றியாகாது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் நடுக்குவாதத்தைப் போன்ற ஒரு நரம்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அதற்கும், சீத்தாவின் உறவினமாகிய முள்சீத்தாப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நெடுங்காலம் மிகுதியாக உட்கொள்ளுவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1999ஆம் ஆண்டில் மருத்துவர்கள் அறிவித்தனர். தொடர்பு ஐயமற நிறுவப்படவில்லை. எனினும் பருவத்தில் நாலு பழம் உண்பது வேறு, நாள்தோறும் கசாயம் குடிப்பது வேறு என்பதை உணர இது போதும்.

பழம் நல்லது, மற்ற உறுப்புகள் நஞ்சு என்ற நிலை சீத்தாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலியோரங்களில் வளரும் எல்டர் என்னும் செடியின் கறுநீலப் பழங்களைக் காய்ச்சிப் பாகாக்கி, சளிக்கு நல்லதென்று பருகுவர். அதன் இலையிலும் தண்டிலும் பச்சை விதையிலும் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. 1983ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தார் அப்பழங்களை இலை தண்டுகளோடு பச்சையாகவே பிழிந்து குடித்தனர். அவர்களில் சிலரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. இயற்கையில் விளைந்தது எல்லாம் தீங்கற்றது என்று எண்ணுவது எங்கும் தவறே.

இது ஏன் உள்ளூர்ப் பழம்?

எல்டர் பழத்தைக் காய்ச்சினால் நஞ்சு நீங்கும். புட்டியில் அடைத்து உலகெங்கும் அனுப்பலாம். சீத்தாவோ காய்ச்சினால் கெடும். அதன் கூழை 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கசப்பு ஏறிவிடுகிறது. அதனால் ஜாம், பழரசம் ஆகியவை செய்ய வழியில்லை. குளிரில் வைக்கலாமா? முழுப் பழத்தை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துவிடும். முன்னதாகவே பறித்து அனுப்பலாமா? கண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் விரிந்து வெளிர் மஞ்சள் நிறம் காட்டும் முன் பறித்த காய் கனிவதில்லை, கறுத்துக் கல்லாகிவிடும். சரியான பக்குவத்தில் பறித்ததோ இரண்டு முதல் ஐந்து நாட்களில் கனிந்து, தொட்டாலே உடையும்.

சீத்தா தொலைதூர வணிகத்திற்குப் பணியாமல் உள்ளூர்ப் பழமாகவே நின்றுவிட்டதற்கு இதுவே காரணம். இதன் விளைவை உழவரே சுமக்கிறார். பருவத்தில் எல்லா மரங்களும் ஒருசேரப் பழுக்கும். வைத்திருந்து விற்க முடியாது. வருகிற விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 20 கிலோ பழத்தைத் தொலைதூர நகரத்திற்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 10 கிலோ நசுங்கிப் போனால், மிஞ்சிய 10 கிலோவே 20 கிலோவின் செலவையும் ஈட்ட வேண்டும். நகரத்தார் இரு மடங்கு விலை கொடுக்கிறார். ஆனால் அந்தக் கூடுதல் பணம் உழவருக்குச் சேரவில்லை, அழுகிய பழத்தோடு போயிற்று. அதே பழம் காலையில் பறித்து மாலையில் பத்துக் கல் தொலைவிற்குள் விற்றால் சேதம் ஓரிரு கிலோவோடு நிற்கும். வாங்குவோர் குறைந்த விலை கொடுத்தும் விற்பவர் கூடுதலாகப் பெறலாம். உள்ளூர் உற்பத்தியாளரை ஆதரியுங்கள் என்பது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று. அழுகும் பொருளைப் பொறுத்தவரை அது நேரான கணக்கு.

இந்த இடைவெளியைக் குறைக்கவே தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் அது மாநிலமெங்கும் பரவியது. 2002ஆம் ஆண்டில் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் உழவர்கள் தாமே பங்குதாரர்களாக உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கவும் வழி பிறந்தது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் காட்டுச் சீத்தாவைப் பறித்து விற்று வந்த பழங்குடிப் பெண்கள் ஒன்றுசேர்ந்து, பழத்தைக் கூழாக்கி உறைய வைத்துப் பனிக்கூழ் செய்வோருக்கு விற்கின்றனர். சூடாக்கினால் கெடும் பழத்தை உறைநிலையில் காப்பதே அவர்கள் கண்ட வழி. முழுப் பழத்தின் தோலைத்தான் குளிர் கெடுக்கும். தோலும் விதையும் நீக்கிய கூழுக்கு அத்தொல்லை இல்லை.

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரத்திலும் இத்தகைய முயற்சிக்கு இடமுண்டு. ஆனால் அதற்கு முன்னரே நாம் ஒவ்வொருவரும் செய்யக் கூடியது ஒன்று உள்ளது. பருவத்தில் கூடைக்காரப் பெண்ணிடம் பழம் வாங்குங்கள். நன்கு கனிந்த இரண்டை இன்றைக்கும், கெட்டியாக இருக்கும் நான்கை நாளை மறுநாளைக்கும் என்று பிரித்துக் கேளுங்கள். கனியாதவற்றை அரிசிப் பானைக்குள்ளோ வைக்கோலிலோ வையுங்கள். கனியும் பழம் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு அங்கே தங்கி மற்றவற்றையும் சீராகக் கனிய வைக்கும். அமுக்கிப் பார்த்து நசுக்கிவிட்டு வேண்டாம் என்று போடாதீர்கள். அந்த ஒரு பழம் அவருடைய கூலியில் ஒரு பங்கு.

தின்று துப்பிய விதைகளை எறியாமல் உலர்த்தி, ஊருணிக் கரையிலும் பள்ளி வேலியோரத்திலும் ஆடியில் ஊன்றி வைக்கலாம். முளைக்கும் கன்றை ஆடு தின்னாது. வேலிக்கும் செலவில்லை, நான்கைந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பழம் பறிப்பர்.